தரைக்கடியில் ஒரு தியேட்டர்: ஸ்பீக்கர் வாங்கும் முன் அறையைக் கேளுங்கள்

அண்ணா நகரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் தன் பேஸ்மென்ட்டைப் பார்க்க வரச் சொன்னார். பூச்சு முடிந்து இன்னும் வெள்ளையடிக்காத சுவர், அப்போதுதான் ஒட்டிய விட்ரிஃபைட் டைல்ஸ். 20 அடி நீளம், 12 அடி அகலம், 9.5 அடி உயரம். போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்: டவர் ஸ்பீக்கர் இரண்டு, திரைக்கு நடுவில் வைக்கும் சென்டர் ஒன்று, பக்கத்திலும் பின்னாலும் வைக்கும் சரவுண்ட் நான்கு, கூரையில் நான்கு, தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஒன்று. "அண்ணா, இதுல எந்த பிராண்டு போகலாம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியின் மேலிருந்து அவருடைய அம்மா ஏதோ சொன்னார். "காபி" என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. முன்னும் பின்னும் வந்த சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கரைந்துவிட்டன. பெற்ற தாய் படிக்கட்டிலிருந்து பேசுவதே புரியாத அறை அது. எவ்வளவு விலை கொடுத்து ஸ்பீக்கர் வாங்கி வைத்தாலும் படத்தின் வசனத்துக்கும் அங்கே அதே கதிதான்.

இணையத்தில் கிடைக்கும் ஹோம் தியேட்டர் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை வட அமெரிக்க வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே பேஸ்மென்ட்டின் வெளிச்சுவர் கான்கிரீட்டாக இருந்தாலும், உள்ளே மரச்சட்டம் அடித்து ஜிப்சம் போர்டு போட்டிருப்பார்கள். மேல்தளத்தைத் தாங்குவதும் பெரும்பாலும் மர உத்தரம். தாழ்ந்த ஒலி மோதும்போது போர்டும் மரமும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். அந்த நெளிவிலேயே ஒலியின் ஆற்றலில் ஒரு பங்கு கழிந்துவிடும். நம் வீட்டில் ஆறு பக்கமும் செங்கல், கான்கிரீட், டைல்ஸ். எதுவும் நெளியாது. அதனால் அங்கே நன்றாக வேலை செய்த அதே ஸ்பீக்கர், அதே அளவு அறை, அதே திட்டம் இங்கே வேறு மாதிரி ஒலிக்கும். சென்னையில் ஹோம் தியேட்டர் கட்டுபவர் முதலில் செலவழிக்க வேண்டியது அறைக்கு. அந்த அறைக்கு எது பொருந்துமோ அதுதான் ஸ்பீக்கர் என்பது என் திடமான கருத்து.

அதற்கும் முன்னால் தண்ணீர். சென்னையில் தரைக்குக் கீழே அறை கட்டுவது அரிது. நம் வீடுகள் ஸ்டில்ட் பார்க்கிங்மேல் ஏறி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. கூவமும் அடையாறும் குறுக்கே ஓடும், கடல் மட்டத்துக்குச் சில மீட்டரே உயர்ந்த தட்டை நிலம் இது. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலே வரும். 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான பிறகு கிணறுகளில் நீர் ஏறியதைப் பார்த்தவர்கள் நாம். கிணற்றுக்கு நல்லது எதுவோ அது பேஸ்மென்ட் சுவருக்கு அழுத்தம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தரைக்குக் கீழே இருந்தவை என்ன ஆயின என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் வீடு என்றால் என் பதில் ஒன்றுதான்: பேஸ்மென்ட் வேண்டாம். முதல் மாடியில் ஜன்னல் குறைவான உள் அறை ஒன்றை ஒதுக்குங்கள். இனிமேல் சொல்லப்போவது எல்லாம் அந்த அறைக்கும் பொருந்தும்.

மேடான இடத்தில், முறையான அனுமதி வாங்கிக் கட்டுகிறீர்கள் என்றால், அறையை வெளிப்புறமாகப் பெட்டி போலச் சுற்றி நீர் புகாமல் மூடும் பாக்ஸ் டைப் வாட்டர்ப்ரூஃபிங்கை அஸ்திவார நேரத்திலேயே செய்துவிட வேண்டும். பிறகு உள்ளிருந்து பூசுவது ஒட்டுப்போடுவதுதான். ஓர் ஐப்பசி, கார்த்திகை கடந்த பிறகே உள்வேலையைத் தொடங்குங்கள். அந்த மழையில் இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளி கோத்தால் மண்ணிலிருந்து ஓதம் வருகிறது. தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் அது காற்றின் ஈரம். ஏசியும் டீஹியூமிடிஃபையரும் அதைப் பார்த்துக்கொள்ளும். பிளக் பாயின்ட்டுகளையும் ஆம்பிளிஃபயர் ரேக்கையும் மூன்றடிக்கு மேலே வையுங்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு பேட்டரி இணைப்பு கட்டாயம். வெள்ளம் வரும் நாளில் கரண்ட் இருக்காது.

இப்போது அந்த அம்மாவின் குரலுக்கு வருவோம். டைல்ஸ் போட்ட கல்யாண மண்டபத்தில் மைக்கில் யார் பேசினாலும் ஒன்றும் விளங்காதே, அதே நோய்தான். பேசிய ஒலி அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது. ஒலி 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறார்கள். இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் வாலஸ் கிளமென்ட் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் ஒரு விரிவுரை அரங்கில் யார் பேசுவதும் புரியவில்லை. முழக்கம் அடங்க ஐந்தரை வினாடி ஆனது. இளம் இயற்பியல் ஆசிரியராக இருந்த சபைன், பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, எத்தனை மெத்தை போட்டால் முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மெத்தையிலிருந்து பிறந்த அந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு வடிவமைக்கப்பட்டது.

சூத்திரம் எளிது. அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். அண்ணா நகர் அறையின் கொள்ளளவு 2,280 கன அடி. ஆறு பக்கங்களின் பரப்பு 1,088 சதுர அடி. சிமென்ட் பூச்சும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் 100க்கு 3 பங்கைத்தான் விழுங்கும் என்று வைத்தால், உறிஞ்சும் பரப்பு 33 சதுர அடிகூட இல்லை. விடை 3.4 வினாடி. படம் பார்க்கும் சிறிய அறைக்கு 0.3 முதல் 0.4 வினாடி போதும். 0.4க்கு இறக்க, முழுதாக உறிஞ்சக்கூடிய 280 சதுர அடி வேண்டும். சுவரும், கம்பளமும், துணி சோஃபாவும், அதில் உட்காரும் ஐந்தாறு பேரும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுவார்கள். மீதி 180 சதுர அடியைச் சுவரிலும் கூரையிலும் நாம்தான் உண்டாக்க வேண்டும்.

இங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். ஈசிஆர் பக்கம் ஒரு வீட்டில் நாலு சுவரையும் ஓர் அங்குல ஃபோமால் மூடி வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் காதை அடைத்தது போல இருந்தது. பேச்சில் உயிர் இல்லை, ஆனால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி மட்டும் குடத்துக்குள் கல்லை உருட்டியது போல முழங்கியது. காரணம் அலைநீளம். 1,000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 1,000 தடவை அதிரும் ஒலியின் அலைநீளம் ஓர் அடியைக் கொஞ்சம் தாண்டும். அதை மெல்லிய ஃபோம் ஓரளவு பிடிக்கும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் பதினோரு அடிக்கு மேல். ஓர் அங்குல ஃபோம் அதற்கு இல்லாததற்குச் சமம். முட்டைத் தட்டும் தெர்மாகோலும் கீச்சென்ற மேல் ஒலிக்கே சரியாக உதவாது. ஃபோமுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: தீப்பிடித்தால் நச்சுப் புகை. ஒரே படிக்கட்டுள்ள, தரைக்குக் கீழான அறையில் அதை நான் வைக்கவே விடமாட்டேன்.

கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள கிளாஸ்வூல் அல்லது ராக்வூல் பலகையை இரண்டு முதல் நான்கு அங்குலக் கனத்தில், மரச்சட்டத்துக்குள் வைத்துத் துணி போர்த்துவதுதான் நம்பகமான வழி. சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் காற்று இடைவெளி இன்னும் தாழ்ந்த ஒலிவரை பிடிக்க உதவும். மண்ணைத் தொட்டு நிற்கும் சுவருக்கு மூச்சுவிட இடமும் கிடைக்கும். போர்த்தும் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாகப் போனால் ஒலியும் போகும். கைத்தறிப் பருத்தி இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும். ரெக்ஸின் தேறாது, அதன் பின்னால் எவ்வளவு பஞ்சு இருந்தாலும் மேல் ஒலி முகத்தில் பட்டுத் திரும்பிவிடும்.

எங்கே மாட்டுவது என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும். நீங்கள் சோஃபாவில் உட்காருங்கள்; இன்னொருவர் பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடம் அதுதான். வாங்குவதற்கு முன் சபைன் செய்ததையே நாமும் செய்யலாம். அண்ணா நகர் வீட்டில் மேலேயிருந்து இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கி அந்த இடங்களில் சாத்தி வைத்தோம். அம்மாவை மறுபடி படியிலிருந்து பேசச் சொன்னோம். "காபி ஆறிப்போச்சு, எத்தனை தடவைடா கூப்பிடறது" என்று முழு வாக்கியமும் வந்தது. முழக்கம் இன்னும் இருந்தது. ஆனால் சொல்லும் சொல்லும் பிரிந்துவிட்டன.

மெத்தையால் தீராதது பேஸ். நம் ஊர்ச் சூட்டில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,140 அடி போகிறது. 20 அடி நீள அறையில் இரண்டு சுவருக்கும் நடுவே சரியாக அரை அலை பொருந்துவது 28 ஹெர்ட்ஸில், 12 அடி அகலத்துக்கு 47, 9.5 அடி உயரத்துக்கு 60. இந்த எண்களிலும் இவற்றின் மடங்குகளிலும் அறை தானே சேர்ந்து பாடும். சுவரோரம் அந்த ஒலி பெருகும், இந்த முதல் எண்களின் ஒலி அறை நடுவில் ஏறக்குறைய காணாமலே போகும். அதனால் ஒரே வெடிச் சத்தம் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தவருக்கு நெஞ்சை அடைக்கும், நடு அறையில் இருப்பவருக்குச் சப்பென்று இருக்கும். சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வீட்டுப் பழக்கம். இந்த அறையில் மட்டும் அதை விட்டுவிடுங்கள். திரையிலிருந்து 13 அடி அளவில் உட்காருவது நல்ல தொடக்கம். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் சதுர அறையை இதனால்தான் தவிர்க்கச் சொல்கிறோம். இரண்டு திசையின் முழக்கமும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்துகொள்ளும்.

ஒரு பெரிய சப்வூஃபருக்குப் பதிலாக இரண்டு நடுத்தர சப்வூஃபர்கள் வாங்குங்கள். ஒன்றை முன்சுவரின் நடுவிலும் மற்றதைப் பின்சுவரின் நடுவிலும் வைத்தால், நீளவாக்கில் எழும் முதல் முழக்கத்தை இரண்டும் எதிரெதிரே தள்ளி அடக்கிவிடும். அகலவாக்கில் இரண்டும் நடுவில் இருப்பதால் அந்தத் திசையின் முதல் முழக்கமும் தூண்டப்படாது. ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி செய்த ஆய்வுகள் இந்த வைப்பு முறையைப் பரவலாக்கின. இன்னொன்று, கான்கிரீட் பெட்டி போன்ற மூடிய அறை, மிகத் தாழ்ந்த ஒலியைத் தானே தூக்கிக் கொடுக்கும். எனவே துளையுள்ள போர்ட்டட் வகையைவிட மூடிய சீல்டு சப்வூஃபர் இங்கே இயல்பாகப் பொருந்தும் என்பது என் அனுபவம். அறைக்கேற்ப ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி ஈக்வலைசர் பெருத்த ஒலியைத் தட்டி இறக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் காணாமல் போன ஒலியை அதனால் வரவழைக்க முடியாது. இருக்கையை அரை அடி நகர்த்துவது அதைவிடப் பலன் தரும்.

ஸ்பீக்கர்களில் நான் அதிகம் கவலைப்படுவது சென்டருக்கு. படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. தமிழுக்கு இது இன்னும் கறாரான விஷயம். ல, ள, ழ என்ற மூன்றையும் காது பிரித்தறிய உதவும் குறிப்புகள் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. கடைகளில் கிடைக்கும் சென்டர் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை படுக்கை வாட்டில், நடுவில் மேல் ஒலிக்கான சின்ன ட்வீட்டரும் இரு பக்கமும் தாழ்ந்த ஒலிக்கான வூஃபருமாக இருக்கும். நேரே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு வூஃபரின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும். சோஃபாவின் கோடியில் 30 டிகிரி விலகி உட்கார்ந்தவருக்கு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். வூஃபர்களின் மையங்கள் 25 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அந்த வித்தியாசம் 12.5 சென்டிமீட்டர், 1,400 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தின் சரிவு, ல, ள, ழ-வைப் பிரித்துக் காட்டும் 1,500 ஹெர்ட்ஸ் எல்லைக்குள்ளும் நீள்கிறது. குடும்பத்தோடு படம் பார்க்கும்போது எப்போதும் ஓரத்தில் உட்காரும் பாட்டி "என்னடா சொன்னான்?" என்று கேட்டால், அவர் காதைக் குறை சொல்லாதீர்கள். ஒரு தடவை நடு இருக்கையில் அவரை உட்கார வைத்துப் பாருங்கள்.

இதற்கு இரண்டு வழி. வூஃபர்களுக்கு நடுவே, நடு ஒலிக்கான மிட்ரேஞ்சும் ட்வீட்டரும் மேலும் கீழுமாக அடுக்கிய மூன்று வழி சென்டரை வாங்கலாம், விலை கூடும். அல்லது ஒலி ஊடுருவும் நெய்த திரை போட்டு, அதன் பின்னால் இடது, நடு, வலது மூன்றுக்கும் ஒரே மாதிரி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை நிற்க வைக்கலாம். அறை நீளத்தில் ஒன்றரை அடி போகும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வசனம் நடிகரின் வாயிலிருந்தே வரும், ஒலி இடமிருந்து வலம் ஓடும்போது நிறம் மாறாது. எதை வாங்கினாலும் கடையில் கேட்கும்போது எழுந்து பக்கவாட்டில் நாலடி நடந்து பாருங்கள். "வாழைப்பழம்" என்ற சொல் அங்கேயும் வாழைப்பழமாகவே கேட்க வேண்டும்.

வாட் கணக்கில் மயங்க வேண்டாம். பெட்டியில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 87 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு கேட்கும் என்று பொருள். 3 மீட்டர் தள்ளி, திரையரங்கின் உச்ச அளவான 105 டெசிபலை அதிலிருந்து பெற, கணக்குப்படி 560 வாட் வேண்டும். 93 டெசிபல் ஸ்பீக்கருக்கு 140 போதும். வீட்டில் யாரும் அந்த உச்சத்தில் கேட்பதில்லை. சுவரும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனாலும் ஆறு டெசிபல் வித்தியாசம் ஆம்பிளிஃபயரிடம் கேட்கும் வாட்டை நாலு மடங்கு மாற்றும் என்பதை நினைவில் வையுங்கள். கடற்கரை ஊர் என்பதால் கூம்பின் விளிம்பையும் பாருங்கள்: ஃபோம் விளிம்பு நம் ஈரத்தில் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும், ரப்பர் விளிம்பு நிற்கும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பெட்டியைத் தரையோடு வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். முன் ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரிக்குள், பக்க சரவுண்ட் 90 முதல் 110க்குள், காதுக்கு ஓரடி மேலே. 2012இல் திரையரங்குக்கும் 2014இல் வீட்டுக்கும் வந்த, தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸுக்குக் கூரை ஸ்பீக்கர் வேண்டும்தான். ஆனால் இரண்டு வைத்தால் போதும், நாலுக்கான வயரை மட்டும் பைப்பில் இப்போதே இழுத்து விடுங்கள். வயரும் பிளக்கும் ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும். அதில் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

கடைசியாகக் கதவு. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பேச்சையும் பாட்டையும் 50 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். 21 சதுர அடிக் கதவின் அடியில் மூன்றடி நீளத்துக்கு அரை அங்குல இடைவெளி விட்டால், அது கதவின் பரப்பில் 100க்கு ஒரு பங்குகூட வராது. ஆனால் கதவு எவ்வளவு கனமானதாக இருந்தாலும் தடுப்பு 22 டெசிபலோடு நின்றுவிடும். உள்ளே கூடில்லாத கனமான கதவு, மூன்று பக்கமும் ரப்பர் பீடிங், அடியில் மூடும்போது தானே இறங்கும் டிராப் சீல். இதைத் தச்சரிடம் சட்டம் பொருத்தும் முன்பே சொல்லிவிட வேண்டும். இவ்வளவு இறுக்கமாக மூடிய அறைக்குள் வெளிக்காற்று வர, வளைவுகள் உள்ள, உள்ளே கிளாஸ்வூல் ஒட்டிய குழாய் ஒன்றும் வேண்டும். ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது.

அண்ணா நகர் தம்பி பட்டியலைச் சுருக்கிவிட்டார். பன்னிரண்டு பெட்டி ஒன்பதானது: முன்னால் மூன்றும் ஒரே மாதிரி, சரவுண்ட் இரண்டு, கூரையில் இரண்டு, சப்வூஃபர் இரண்டு. மிச்சப் பணத்தில் பலகைகளுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிராண்டை இன்னும் முடிவு செய்யவில்லை. இந்த வாரம் கதவு வருகிறது.